டுரியான் பருவமும் பழ வகைகளும்

பருத்திக்கு உறவான பழம் ஒன்று உண்டு என்றால் நம் நெசவாள அங்கத்தினர்கள் வியப்படையக்கூடும். மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா முதலிய நாடுகளில் விளையும் டுரியானே அது. தாவர நூலார் முன்னாளில் இதனை இலவ மரக் குடும்பத்தில் சேர்த்திருந்தனர். இலவம், பருத்தி, வெண்டை, கொக்கோ ஆகிய யாவும் ஒரே பெருங்குடும்பம் என இப்போது வகுத்துள்ளனர். சிங்கப்பூரில் உள்ள ஆராய்ச்சியாளர்கள் 2017ஆம் ஆண்டில் டுரியானின் மரபுக் கூறுகளை முழுமையாகப் படித்து வெளியிட்டபோது, இவ்வுறவு மேலும் தெளிவாயிற்று. பருத்திக் காய் வெடித்துப் பஞ்சு தெரிவதைப் போலவே டுரியானும் முற்றிய பின் ஐந்து கோடுகளின் வழியே பிளந்து, உள்ளே ஐந்து அறைகளில் சுளைகளைக் காட்டுகிறது. அங்கே வெண்பஞ்சு, இங்கே மஞ்சள் வெண்ணெய் போன்ற சதை. இவ்வளவே வேற்றுமை என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

மலாய் மொழியில் ‘டுரி’ என்றால் முள். முள்ளை உடையது டுரியான். தமிழில் இதற்கு முள்நாறி என்றொரு பெயர் வழங்குகிறது. பழந்தமிழில் நாற்றம் என்பது நறுமணத்தையே குறித்தது. பிற்காலத்தில் பொருள் தலைகீழாயிற்று. இப்பழத்துக்கு அவ்விரு பொருளும் பொருந்தும். விரும்புவோருக்கு அது மணம். விரும்பாதோருக்கு அது நாற்றம். நடுநிலையில் நிற்பவரை நாம் கண்டதில்லை. கந்தகம் சேர்ந்த ஆவிப் பொருள்கள் பல இம்மணத்துக்குக் காரணம் என்று ரசாயன அறிஞர் கூறுகின்றனர். வெங்காயத்தின் காரநெடிக்கும் கந்தகச் சேர்க்கையே காரணம்.

நம் நாட்டிலும் இம்மரம் இல்லாமல் இல்லை. நீலகிரி மலைச்சரிவில், குன்னூர் சாலையில் உள்ள பர்லியார், கல்லார் அரசினர் பழப் பண்ணைகளில் பழமையான டுரியான் மரங்கள் உள்ளன. பருவத்தில் அப்பழத்தை வாங்கச் சமவெளியிலிருந்தும் மக்கள் வருகின்றனர். மகப்பேறு உண்டாகும் என்ற நம்பிக்கையே அவர்களில் பலரை அங்கே கொண்டு வருகிறது. அந்நம்பிக்கையைத் தாங்கி நிற்கும் மருத்துவச் சான்று இல்லை. பழத்தைச் சுவைக்காக உண்பதே தக்கது.

ஆயினும் டுரியானின் வீடு மலேசியத் தீபகற்பமும் போர்னியோவும் சுமத்திராவுமே. ஆகவே அங்கேயே சென்று அதன் பருவத்தைக் காண்போம்.

பருவம் வருவது எவ்வாறு?

டுரியான் மரம் பூப்பதற்குச் சில நாள் வறட்சி வேண்டும். ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை மழையின்றிக் காய்ந்த பின்பே கிளைகளில் மொட்டுகள் தோன்றுகின்றன. பூக்கள் நுனிக் கொம்புகளில் பூப்பதில்லை. பலா மரத்தைப் போலப் பருத்த கிளைகளின் மீதே கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. பூத்த நாளிலிருந்து ஏறக்குறைய 90 முதல் 130 நாள்களில் காய் முற்றுகிறது. எனவே தீபகற்பத்தின் பல பகுதிகளில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பெரும் பருவமும், ஆண்டின் இறுதியில் ஒரு சிறு பருவமும் அமைகின்றன. மழை முன்பின்னாகப் பெய்தால் பருவமும் முன்பின்னாகும். பூத்த சமயத்தில் பெருமழை அடித்தால் அவ்வாண்டு மகசூல் குறைந்துவிடும்.

பூ மலரும் நேரம் பிற்பகல் கடந்த மாலை. இரவில் மகரந்தம் உதிர்கிறது. விடிவதற்குள் இதழ்கள் கொட்டிவிடுகின்றன. இரவில் வேலை செய்யும் கூலியாள் ஒருவன் இல்லாவிட்டால் இம்மரம் சரியாகக் காய்க்காது. அக்கூலியாள் வௌவால். குகைகளில் வாழும் தேனுண்ணி வௌவால்களும், மரங்களில் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால்களும் தேன் குடிக்க வரும்போது ஒரு மரத்தின் மகரந்தத்தை மற்றொரு மரத்துக்குக் கொண்டு செல்கின்றன. பழந்தின்னிகள் பூவைத் தின்று அழிக்கின்றன என்று எண்ணி அவற்றைச் சுடுவோர் உண்டு. தியோமான் தீவில் மரத்தின்மேல் காமிராக்களைக் கட்டி வைத்துப் பார்த்து, அவை பூவைச் சேதப்படுத்தாமல் தேனை மட்டும் நக்கிச் செல்கின்றன என்றும், காய்ப்புக்கு உதவுகின்றன என்றும் 2017ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர்.

முருகன் கோயிலால் நம்மவர் அனைவரும் அறிந்த பத்துமலைக் குகைகளுக்கும் இதில் பங்கு உண்டு. அங்கே தங்கும் தேனுண்ணி வௌவால்களைப் பற்றி 1970களில் நடந்த ஆராய்ச்சியில், அவை உணவு தேடி நெடுந்தொலைவில் உள்ள கடற்கரைச் சதுப்புக் காடுகள் வரை பறந்து செல்வது தெரியவந்தது. டுரியான் ஆண்டில் சில வாரங்களே பூக்கிறது. மற்ற நாள்களில் அவ்வௌவால்களுக்குச் சோறு போடுவது சதுப்புக் காட்டு மரங்களும் பிற பூமரங்களுமே. கடற்கரையில் சதுப்பு நிலத்தைத் தூர்த்து வீடு கட்டினாலும், உள்நாட்டில் சுண்ணாம்புக் குன்றை உடைத்துக் கல் எடுத்தாலும், எங்கோ மலைச்சாரலில் இருக்கும் தோட்டக்காரனுடைய மரத்தில் காய் குறையும். தனக்குக் காரணம் தெரியாமலே அவன் உரத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. டுரியானின் பல வகைகளில் தன் மகரந்தம் தன் பூவிலேயே சரிவரச் சூல் கொள்வதில்லை. ஒரே தாய்மரத்திலிருந்து ஒட்டுக் கட்டிய கன்றுகள் ஆயிரம் இருந்தாலும் அவை யாவும் ஒரே மரத்துக்குச் சமம். ஆதலால் தோப்பு முழுவதும் ஒரே வகையை வைத்தவனுக்குக் காய்ப்புக் குறைவதும், காய் கோணிப் போவதும் இயல்பு. விலை உயர்ந்த வகைக்கு நடுவே விலை குறைந்த வகை மரங்கள் சிலவற்றை நட்டு வைப்பதே அறிந்தோர் வழக்கம். விலை குறைந்த மரம் விலை உயர்ந்த மரத்தைக் காய்க்கச் செய்கிறது.

எண்களும் பெயர்களும்

விதையிலிருந்து தானே முளைத்த டுரியானைக் கம்போங் டுரியான், அதாவது ஊர் டுரியான் என்பர். ஒவ்வொரு மரத்தின் பழமும் ஒவ்வொரு விதம். ஒன்று தேனாக இனிக்கும். பக்கத்து மரத்துப் பழம் கசக்கும். மூன்றாவது சதையே இல்லாமல் கொட்டையாக இருக்கும். எந்த மரத்தடியில் எடுத்த பழம் என்பதை அறிந்து வாங்குவதே ஊரார் கெட்டிக்காரத்தனம். இத்தகைய மரங்களுள் சிறந்தவற்றைத் தேர்ந்து, எண்ணிட்டுப் பதிவு செய்யும் முறையை மலாயாவின் விவசாய இலாகா 1930களில் தொடங்கியது. பதிவு எண்கள் இன்று 200ஐக் கடந்துவிட்டன. எண் என்பது பதிவான வரிசையைக் காட்டுமேயன்றித் தரத்தைக் காட்டாது. டி-200 என்பது டி-24ஐவிட எட்டு மடங்கு சிறந்தது என்று எண்ணி ஏமாறுவோரைக் கடைகளில் காணலாம்.

டி-24 என்பது 1937ஆம் ஆண்டில் பதிவானது. வெளிர் மஞ்சள் சதை, இனிப்பும் இளங்கசப்பும் கலந்த சுவை, தடித்த சுளை. பல்லாண்டுக் காலம் இதுவே அரசனாக விளங்கியது. வேரையும் பட்டையையும் அழுகச் செய்யும் பூசண நோய்க்கு இது எளிதில் இரையாவது இதன் பெருங்குறை. அடிமரத்தில் நீர் கசிந்தாற்போல் கருத்த திட்டுத் தோன்றுவது அந்நோயின் அறிகுறி. மரத்தடியில் நீர் தேங்கவிடாமல் வடிகால் அமைப்பதும், அடிமரத்தைச் சுற்றி மண்ணையும் சருகையும் குவிக்காமல் இருப்பதும் மருந்தைவிட முந்திய காப்பு.

டி-197 என்பது 1993ஆம் ஆண்டில் பதிவான கிளந்தான் மாநில வகை. இதற்குப் பெயர்கள் பல. ராஜா குஞ்ஞிட் என்பது மலாய்ப் பெயர். மஞ்சளரசன் என்று பொருள். மூசாங் கிங் என்பது வணிகப் பெயர். ‘மூசாங்’ என்பது மரநாய். கிளந்தானில் குவா மூசாங், அதாவது மரநாய்க் குகை என்று ஓர் ஊர் உண்டு. சீனர் இப்பழத்தைப் பூனைமலை அரசன் என்னும் பொருளில் மாவ் ஷான் வாங் என்கின்றனர். அரைத்த மஞ்சளின் நிறமும், வழவழப்பான சதையும், தட்டையான சிறு கொட்டையும், இனிப்பின் பின்னால் வரும் கசப்பும் இதன் இலக்கணம். பழத்தின் அடியில் ஐந்து கோடுகள் கூடும் இடத்தில் முள் குறைந்து நட்சத்திரம் போன்ற வடிவம் தெரியும். இன்று ஏமாற்று வியாபாரம் அதிகம் நடப்பது இதன் பெயரில்தான். ஆதலால் அந்த நட்சத்திரத்தைப் பார்த்து வாங்குதல் வேண்டும்.

டி-200 பினாங்கு மாநிலத்தைச் சேர்ந்தது. 2015இல் பதிவு பெற்றது. கருமுள் என்பது இதன் பெயரின் பொருள். பழத்தின் அடி நடுவே கருத்த சிறு முனை ஒன்று இருக்கும். அது பூவின் சூல்தண்டு காய்ந்து நின்ற எச்சம். சதை செம்மஞ்சள் நிறம். டி-175க்கு உடாங் மேரா என்று பெயர். சிவப்பு இறால் என்பது பொருள். இளஞ்சிவப்பு கலந்த மஞ்சள் சதையும் மிகுந்த இனிப்பும் உடையது. புதிதாகப் பழகுவோர்க்கு இதுவே முதற்பாடமாக இருக்கத் தக்கது. கசப்பான வகையில் தொடங்கியவர் அத்துடன் நிறுத்திவிடுதல் உண்டு.

தாய்லாந்தின் வகைகள் வேறு. மோன்தோங் என்றால் பொன் தலையணை. பெரிய பழம், தடித்த சுளை, மென்மையான இனிப்பு, மணம் அடக்கம். சானி என்பது வாலில்லாக் குரங்கின் பெயர். கான்யாவ் என்பது நீண்ட காம்பு உடையது. கிரதும் என்பது பொத்தான். சிறிய பழம், முந்திப் பழுப்பது. போர்னியோவுக்குச் சென்றால் டுரியானின் உடன்பிறந்த இனங்களையும் காணலாம். அவற்றுள் ஒன்று செஞ்சதை உடையது. மற்றொன்று ஏறக்குறைய மணமே இல்லாதது. மணமற்ற டுரியானை ஊரார் விரும்பி உண்கின்றனர். நமக்கோ உப்பில்லாத ஊறுகாய் போல் தோன்றுகிறது.

விழுவதும் வெட்டுவதும்

மலேசியாவில் பழம் தானே கனிந்து விழும்வரை காத்திருப்பது வழக்கம். பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் விழும். ஒன்று முதல் மூன்று கிலோ எடையுள்ள முட்பந்து உயரத்திலிருந்து தலையில் விழுந்தால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தலைக்கவசம் அணிவதும், மரத்தடியில் வலை கட்டுவதும் இதனால்தான். எதிர்பாராது கிடைத்த செல்வத்தை ‘டுரியான் ருந்தோ’, அதாவது விழுந்த டுரியான் என்று மலாய்க்காரர் குறிப்பர். விழுந்த பழத்தின் சுவை முதல் நாளே உச்சத்தில் இருக்கும். ஓரிரு நாள்களில் புளிக்கத் தொடங்கும்.

தாய்லாந்தில் விழவிடுவதில்லை. ஒருவன் மரத்தில் ஏறி முற்றிய காயைக் காம்போடு வெட்டிப் போட, கீழே நிற்பவன் சாக்கினால் அதை ஏந்திப் பிடிக்கிறான். அக்காய் சில நாள் கழித்துப் பழுக்கும். இதனால் கப்பலிலும் லாரியிலும் தொலைதூரம் அனுப்ப முடிகிறது. சீனச் சந்தையைத் தாய்லாந்து பிடித்ததற்கு இந்த வெட்டும் முறையே அடிப்படை. சீனா 2023ஆம் ஆண்டில் 14 லட்சம் டன்னுக்கு மேல் புதிய டுரியானை இறக்குமதி செய்தது. பெரும் பங்கு தாய்லாந்திலிருந்தும், அடுத்த பங்கு வியட்நாமிலிருந்தும் சென்றன. விழுந்த பழத்தை விற்கும் மலேசியா அதை உறையவைத்து அனுப்பிவந்தது. 2024ஆம் ஆண்டிலேதான் புதிய பழத்தை விமானத்தில் அனுப்ப அதற்கு அனுமதி கிடைத்தது.

வெட்டுவதில் ஓர் ஆபத்து உண்டு. பருவத் தொடக்கத்தில் விலை உச்சத்தில் இருக்கும். அவ்விலைக்கு ஆசைப்பட்டு முற்றாத காயை வெட்டி அனுப்புவோர் உண்டு. வெளியே பார்த்தால் வேற்றுமை தெரியாது. வாங்கியவன் பிளந்த பின்பே சப்பென்றிருக்கும். அந்த ஒருவனுக்கு லாபம். ஊர்ப் பெயர் கெட்டுப் பிறர் அனைவருக்கும் நஷ்டம். ஆகவே தாய்லாந்து அரசினர் ஒவ்வொரு வகைக்கும் அறுவடைத் தொடக்க நாளை அறிவிக்கின்றனர். சதையின் நீரை வற்றவைத்து எஞ்சிய எடையையும் அளக்கின்றனர். மோன்தோங்கில் அது 32 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. நூலின் நம்பரைக் குறைத்துக் காட்டும் ஒரு தறிக்காரனால் சங்கத்தின் முத்திரைக்கே இழுக்கு நேர்வதை அறிந்த நம் அங்கத்தினர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

இதைவிட வேடிக்கையான, வேதனையான செய்தி ஒன்றும் உண்டு. ஆராமின் என்னும் மஞ்சள் சாயத்தைச் சாயப் பட்டறைக்காரர் அறிவர். சில சிப்பம் கட்டுமிடங்களில், தோல் சீரான மஞ்சளாகத் தோன்றும் பொருட்டு அச்சாயத்தைப் பழத்தின்மேல் ஏற்றினர். அது புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என ஐயுறப்படும் பொருள். சாயத்தின் தடம் தெரியவந்ததும், 2025 ஜனவரியில் தாய்லாந்துப் பழம் யாவற்றுக்கும் ஆய்வுக்கூடச் சான்று வேண்டும் என்று சீனா ஆணையிட்டது. எல்லையில் சரக்குத் தேங்கியது. சாயம் ஏற்றாத தோட்டக்காரனும் அந்த வரிசையில்தான் நிற்க நேர்ந்தது.

மலேசியாவின் பகாங் மாநிலத்தில் ரவூப் என்னும் வட்டாரம் உண்டு. மூசாங் கிங் பழத்துக்குப் பெயர் போன இடம். அங்கே பல குடும்பத்தார் அரசாங்க நிலத்தைத் திருத்தி, பட்டா இன்றியே பல பத்தாண்டுகளாக டுரியான் பயிரிட்டு வந்தனர். பழம் மலிவாக இருந்த காலத்தில் அந்நிலத்தைக் கேட்பார் இல்லை. சீனச் சந்தை திறந்து விலை ஏறிய பின் நிலைமை மாறியது. 2020ஆம் ஆண்டில் மாநில அரசு அந்நிலங்களை ஒரு கூட்டுக் கம்பெனியிடம் குத்தகைக்கு ஒப்படைத்தது. தோட்டக்காரர் கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்து, குறித்த விலைக்குப் பழத்தை அதற்கே விற்க வேண்டும் என்பது ஏற்பாடு. அனுமதியின்றி நிலத்தில் இருந்தோரைச் சட்டத்துக்குள் கொண்டுவரும் வழி இது என்பது அரசின் வாதம். விலை கட்டுப்படியாகாது, உழைப்பு எங்களுடையது என்பது பயிரிட்டோர் வாதம். அவர்கள் ஒன்றுகூடி நீதிமன்றம் சென்றனர். வழக்குகளுக்கிடையே 2021லும், மீண்டும் 2025லும் காய்க்கும் மரங்கள் வெட்டப்பட்டன. ஒட்டுக்கன்று நட்டு முதற்காய் காண ஐந்து ஆண்டாவது ஆகும். மரம் முழுப்பலன் தர அதன்பின்னும் பல ஆண்டு செல்லும். வெட்டுவதற்குச் சில நிமிடங்கள் போதும். பட்டா இல்லாதது அவர்கள் குறையே என்று சொல்வது எளிது. விலை இல்லாத காலத்தில் பட்டாவுக்கு மனுப் போட்டும் பெறாதவர்கள் அவர்களில் உண்டு என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

தேர்ந்து உண்ணுதல்

சந்தைக்குச் செல்வோர் அறிய வேண்டியவை சில. காம்பு பசுமையாக இருந்தால் பழம் புதிது. காதருகே வைத்து மெல்ல ஆட்டினால் உள்ளே சுளை இலேசாக அசையும் ஒலி கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பழுக்கவில்லை, கடகடவென்றால் மிஞ்சிப் பழுத்தது. பக்கத்துப் பக்கத்து முட்கள் இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் சற்று வளைந்து நெருங்கும். புழுத் துளை உள்ளதா என்று சுற்றிப் பார்த்தல் வேண்டும். இவ்வளவும் பார்த்த பின் கடைக்காரரிடம் சிறு வாய் திறந்து காட்டச் சொல்லுதல் முறை. அவர் மறுத்தால் அடுத்த கடைக்குச் செல்லலாம். பல வகைகளை ஒரே நாளில் உண்பதானால் இனிப்பு வகையை முதலிலும் கசப்பு வகையை இறுதியிலும் வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் மூசாங் கிங் உண்டவருக்குப் பின்னர் வேறு எதுவும் சுவைக்காது.

அளவு மறவாமை நன்று. 100 கிராம் சுளையில் ஏறக்குறைய 147 கலோரி உள்ளது. அதே அளவு வாழைப்பழத்தில் சுமார் 89. மாவுச்சத்தோடு கொழுப்பும் பொட்டாசியமும் மிகுதி. நீரிழிவு உள்ளவரும் சிறுநீரகக் கோளாறு உள்ளவரும் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். மதுவோடு டுரியான் உண்ணலாகாது என்பது மலாய் நாட்டில் நெடுநாள் வழக்கு. ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 2009இல் இதைச் சோதித்து, மதுவின் நஞ்சை உடல் முறிக்கும் வேலையை இப்பழச்சாறு தடுப்பதாகக் கண்டனர். டுரியான் சூடு என்றும், மங்குஸ்தான் குளிர்ச்சி என்றும் கருதி இரண்டையும் சேர்த்து உண்பர். இரண்டும் ஒரே பருவத்தில் பழுப்பது வசதியாயிற்று.

மிஞ்சிய பழத்தை வீணாக்குவதில்லை. உப்பிட்டுப் புளிக்கவைத்தால் தெம்போயாக். மீன் குழம்புக்கு அதுவே புளி. சர்க்கரையிட்டுக் கிளறினால் அல்வா போன்ற லெம்போக். கொட்டையை அவித்தோ சுட்டோ உண்பர், பலாக்கொட்டையைப் போன்றிருக்கும். பச்சைக் கொட்டையை மட்டும் உண்ணலாகாது. பருத்தி விதையில் உள்ள அதே இனத்துக் கொழுப்பமிலங்கள் அதிலும் உள்ளன. வேகவைத்த பின்பே அதனை உண்ணத் தகும்.

உண்டு முடித்தபின் சுளை எடுத்த ஓட்டின் உட்குழியில் நீர் வார்த்து, அந்நீரில் கை கழுவினால் மணம் பெரும்பாலும் நீங்குகிறது என்பது அந்நாட்டார் அனுபவம். சிங்கப்பூரில் ரயில் வண்டிக்குள் இப்பழத்தைக் கொண்டுபோக அனுமதி இல்லை. விடுதிகள் பலவும் வாயிலிலேயே தடுத்துவிடும். ஆதலால் அங்கே செல்லும் அன்பர்கள் பழத்தை வாங்கிய கடையின் பலகையிலேயே உட்கார்ந்து உண்டு, கை கழுவிவிட்டுப் புறப்படுவது நலம்.